போர்டோ மிக்சரும் பதினேழு குலையும்

ராயப்பேட்டை,
ஏப்ரல் 12.

என் மனைவியின் மூத்த சகோதரரும், தோட்டக்கலைத் துறையில் முப்பத்தோரு வருடம் பணியாற்றி ஓய்வு பெற்றவரும், தற்சமயம் கிருஷ்ணகிரியில் வசிப்பவருமாகிய மதிப்பிற்குரிய ஹஸன் மச்சான் அவர்களுக்கு, கரீமுல்லா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும், என் சர்க்கரையும், தங்கள் தங்கை ஹாஜிராவும், அவளுடைய ரத்தக் கொதிப்பும் அல்லாஹ்வின் கிருபையால் ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருந்து வருகிறோம். அங்கு தாங்களும் குல்ஷன் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் மூட்டு வலியைப் பற்றி விரிவாக விசாரிக்க வேண்டும்தான். ஆனால் இப்போது அதற்கு நேரமில்லை. காரணம், தலைபோகிற செய்தி ஒன்று இருக்கிறது.

காய்த்துவிட்டது, மச்சான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஈரச் சாக்கில் சுற்றித் தாங்களே கொண்டுவந்து கொடுத்தீர்களே பன்னீர் திராட்சைக் குச்சி, அது எங்கள் மொட்டை மாடியில் பதினேழு குலை காய்த்துத் தொங்குகிறது. பதினேழு. எண்ணினது நான் மட்டுமில்லை, வீட்டுக்காரர் ராமானுஜம் சாரும் எண்ணினார், அவர் காலேஜில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், தப்பாக எண்ண மாட்டார். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். அனுப்பினால் என்ன ஆகும்? தாங்கள் ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். இந்த வெற்றிக்கு ஒரு கட்டை விரல் போதாது. பேப்பரில் இருக்க வேண்டும், தேதி போட்டு இருக்க வேண்டும், தாங்கள் அதை ஃபைலில் வைக்க வேண்டும், வருகிறவர் போகிறவரெல்லாம் படிக்க வேண்டும்.

போன டிசம்பரில் நடந்ததைத் தாங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. மழை ஒரு வாரமாக விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. ஒரு நாள் மாடிக்குப் போய்ப் பார்த்தால் இலை மேலெல்லாம் எண்ணெய் பட்ட மாதிரி மஞ்சள் திட்டு, திருப்பிப் பார்த்தால் அடியில் போரிக் பவுடர் தூவின மாதிரி வெள்ளை. பதறிப்போய் போட்டோ எடுத்துத் தங்களுக்கு அனுப்பினேன். தாங்கள் போன் போட்டுச் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இது அடிச்சாம்பல் நோய் மாப்ளே. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவைன்னு ஒண்ணு பத்து நாளைக்கு ஒரு தடவை அடிக்கணும். ஒரு சதவீதம். ஆனா அது உங்களால ஆகாது. நெஞ்சுச் சளிக்கு மருந்து கலக்குற மாதிரி இல்ல இது. பேசாம வெட்டிப் போட்டுட்டு ரோஜா வைங்க" என்றீர்கள். மச்சான், முப்பத்தெட்டு வருடம்! பீட்டர்ஸ் ரோடு பக்கத்தில் டாக்டருடைய கிளினிக்கில் முப்பத்தெட்டு வருடம் கம்பவுண்டராக இருந்தவன் நான். இந்த ராயப்பேட்டையில் நான் கலக்கிக் கொடுத்த மிக்சரைக் குடிக்காத தொண்டை உண்டா? ஒரு சதவீதம் என்றால் என்னவென்று எனக்கே பாடம் எடுக்கிறீர்களே! "கலந்தப்புறம் ஒரு இரும்புக் கத்திய உள்ள முக்கிப் பாருங்க" என்று அதற்கு மேல் ஏதோ சொல்ல ஆரம்பித்தீர்கள். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அதுவரைக்கும் கேட்டதே எனக்குப் போதும் என்று பட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே ராமானுஜம் சார் மாடிக்கு வந்தார். அவருக்கு அங்கே சோலார் பேனல் வைக்க வேண்டுமாம், சரியாக நம்ம பந்தல் இருக்கிற இடத்தில்தான் வெயில் நன்றாக விழுகிறதாம். "கரீமுல்லா சார், நான் ஒண்ணும் ஈவு இரக்கமில்லாதவன் இல்லை. மூணு வருஷமா பாத்துண்டுதானே இருக்கேன், வெறும் இலையாத்தானே விடறது? தை மாசம் முடியறதுக்குள்ள ஒரு குலை, ஒரே ஒரு குலை காட்டுங்கோ, நான் பேனலை வேற எங்கயாவது வெச்சுக்கறேன். இல்லேன்னா வெட்டிடுவோம், சரியா?" என்றார். நியாயமான மனிதர், அதுதான் கஷ்டம். அநியாயமாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, டாக்டர் போய்ச் சேர்ந்து கிளினிக்கைப் பூட்டினதிலிருந்து காலையில் எழுந்தால் எனக்குப் போக ஒரு இடம் கிடையாது. அந்தப் பந்தலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். அதுவும் போய்விட்டால் ஹாலில் உட்கார்ந்து ஹாஜிரா பார்க்கிற சீரியலைத்தான் நானும் பார்க்க வேண்டும். அதனால்தான் அன்றைக்குச் சபதம் எடுத்தேன், இந்தக் கொடியை என் கையாலேயே பிழைக்க வைக்கிறேன் என்று.

மயில்துத்தம் மயிலாப்பூரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது, கண்ணாடிக் கல்லு மாதிரி நல்ல நீலம். சுண்ணாம்புக்கு எங்கே போவது? சுண்ணாம்பு என்றால் சுண்ணாம்புதானே என்று தெருமுனைப் பெட்டிக்கடையில் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு இருபத்திரண்டு டப்பா கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்ல கல்யாணமா பாய்?" என்றார். "ஆமா, கொடிக்கு" என்றேன். வீட்டுக்கு வந்து ஒரு வாளியில் நீலத்தைக் கரைத்தேன், ஒரு வாளியில் வெள்ளையைக் கரைத்தேன், ரெண்டையும் மூணாவது வாளியில ஒரே நேரத்துல, ஒரே உயரத்துலேர்ந்து, ஒரு சொட்டு சிந்தாம ஊத்தினேன். இந்தக் கை நடுங்கலை மச்சான். அப்ப வந்துச்சு பாருங்க ஒரு நிறம், மழை விட்ட மறுநாள் வானம் மாதிரி. எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு. எட்டு வருஷத்துக்கப்புறம் ஒரு மருந்து கலக்குறேன்! நீங்க சொன்னபடியே உங்க தங்கச்சியோட கறி வெட்டுற கத்தியைக் கொண்டுவந்து முக்கினேன். எடுத்துப் பாத்தா கத்தி பளபளன்னு செப்புப் பாத்திரம் மாதிரி செவந்து போயிருந்துச்சு. பாத்தீங்களா, மருந்துக்கு என்ன வீரியம்னு! இரும்பையே செம்பாக்கிடுச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, கலவை கச்சிதம்னு. ஹாஜிராதான் கத்தியைப் பாத்துட்டு அரை மணி நேரம் கத்தினா. விஞ்ஞானத்துக்காக எவ்வளவோ பேரு உயிரையே குடுத்திருக்காங்க, ஒரு கத்தி போனா என்னன்னு கேட்டேன், அதுக்கும் திட்டினா.

அடுத்தது டோஸ். நீங்க பத்து நாளைக்கு ஒரு தடவைன்னு சொன்னதா ஞாபகம். அது கவர்மென்ட் டோஸ், மச்சான், மெதுவாத்தான் கேக்கும். நம்ம கிளினிக்ல அப்படி இல்ல. முதல் மூணு நாள் காலையில ஒரு வேளை, மத்தியானம் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை அழுத்திக் குடுத்தாத்தான் நோய் படுக்கும். அதே கணக்குல கொடிக்கும் மூணு நாள் கோர்ஸ்னு முடிவு பண்ணினேன். காலையில தண்ணி ஊத்தி அரை மணி நேரம் கழிச்சு, அதாவது சாப்பாட்டுக்குப் பின். அடிக்கிறதுக்கு ஸ்பிரேயர் வேணுமே, நம்ம தெருவுல இஸ்திரி போடுற சக்திவேல் கிட்ட துணி மேல தண்ணி அடிக்கிற பாட்டிலை இரவல் வாங்கினேன். அந்தக் குட்டி பாட்டிலால முழுப் பந்தலுக்கும் மூணு வேளை அடிச்சு அடிச்சு என் ஆள்காட்டி விரல் வெண்டைக்காய் மாதிரி வீங்கி, சாப்பாட்டுத் தட்டுல கை வெக்க முடியலை. மூக்குல துண்டு, தலையில ஹாஜிராவோட பழைய துப்பட்டா, நெத்தியெல்லாம் நீலம். எதுத்த மாடியில வடாம் காயப் போட வந்த அம்மா என்னைப் பாத்துட்டு வடாத்தையே எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

மூணாம் நாள் சாயங்காலம் பாட்டிலைத் திருப்பிக் குடுத்தேன். கழுவிக் குடுத்திருக்கணும், ஒத்துக்கிறேன். மருந்து அடிச்ச களைப்புல மறந்துட்டேன். மறுநாள் சக்திவேல் கீழேர்ந்தே கத்துறான்: "இன்னா பாய், நம்ம பாட்டில்ல இன்னாத்த ஊத்தி வெச்சிகீற? சார் வூட்டு வேட்டி பூரா புள்ளி புள்ளியா பூட்ச்சி! அவரு வேற பாக்காம கட்டிக்கினு கச்சேரிக்குப் பூட்டாரு!" மார்கழி மாசம், மச்சான், மயிலாப்பூர் சபாவுல முன் வரிசை டிக்கெட். ராமானுஜம் சார் திரும்பி வந்து நேரா நம்ம வீட்டு வாசல்ல நின்னார். கோபப்படலை, கை கட்டிக்கிட்டு நின்னார். "பக்கத்து சீட்டுக்காரர் என் வேட்டியையே பாத்துண்டிருந்தார். தனி ஆவர்த்தனம் முடிஞ்சதும் மெதுவா கேக்கறார், ஆத்துக்கு டிஸ்டெம்பர் அடிக்கறேளா, பெயின்டர் யாருன்னு. நம்பர் வேற கேக்கறார், கரீமுல்லா சார். நான் யாரோட நம்பரைக் குடுக்கட்டும்?" என்றார். உக்காருங்க, டீ சாப்பிடுங்கன்னேன். சாப்பிட்டார். வேட்டிக்கு பதில் வேட்டி வாங்கிக் குடுத்தேன், அதைச் சொல்லிக் காட்டுற பழக்கம் எனக்கில்லை.

அப்புறம் நடந்ததை எழுதவே கை வரலை. அஞ்சாம் நாள் இலையோட ஓரமெல்லாம் கருகிச்சு. ஏழாம் நாள் காத்துல சலசலன்னு சத்தம், போய்ப் பாத்தா தரையெல்லாம் இலை. பத்தாம் நாள் பந்தல் மேல ஒரு இலை இல்ல. வெறும் குச்சி. மூணு வருஷமா நான் உக்காந்த நிழல் போச்சு, நாற்காலி மேல நேரா வெயில் அடிக்குது. அன்னிக்கு அந்த நாற்காலியை மடிக்கக்கூட முடியாதே, பிளாஸ்டிக் ஆச்சே, அப்படியே தூக்கிக்கிட்டுக் கீழ வந்துட்டேன். முட்டி வலின்னு சொல்லிப் படுத்தேன். முட்டி நல்லாத்தான் இருந்துச்சு மச்சான், வலி வேற எங்கயோ. மூணு வாரம் மாடிப் படி ஏறலை. ஹாஜிரா பார்க்கிற சீரியல் மூணையும் நானும் பாத்தேன், அதுல ஒண்ணுல மாமியாருக்கு நினைவு தப்பிடுச்சு, எனக்கும் அப்படி ஆகிடக் கூடாதான்னு இருந்துச்சு.

மூணு வாரம் கழிச்சு, பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னால, உங்க தங்கச்சி மேலேர்ந்து துணி எடுத்துக்கிட்டு வந்தவ, "கொஞ்சம் மேல போயிட்டு வாங்களேன்"ன்னா. மாட்டேன்னேன். "போயிட்டுத்தான் வாங்களேன்"ன்னு கையைப் பிடிச்சு எழுப்பினா. போனேன். மச்சான், யா அல்லாஹ், என்னன்னு சொல்லுவேன்! குச்சிக்குக் குச்சி பச்சைத் துளிர், பூச்சி இல்ல, திட்டு இல்ல, வெள்ளை இல்ல. துளிருக்கு நடுவுல கடுகு கடுகா, கொத்துக் கொத்தா, பிஞ்சு! என் மருந்து செஞ்ச வேலையைப் பாருங்க, நோய் புடிச்ச நீளக் கிளை எதையும் காணோம், எல்லாத்தையும் மருந்தே தின்னு தீத்துட்டு நல்ல பாகத்தை மட்டும் கத்தரிச்ச மாதிரி சுத்தமா விட்டு வெச்சிருக்கு. நோயாளி முதல்ல வாடுவான், அப்புறம்தான் தேறுவான்னு டாக்டர் சொல்லுவார், அதேதான். நான் அங்கேயே நின்னு அழுதுட்டேன், வெக்கமில்லாம சொல்றேன். ஹாஜிராவும் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. பாவம், எம்மேல அவளுக்கு அவ்வளவு பெருமை.

பேனல் கம்பெனி ஆட்கள் தை இருபதாம் தேதி அளவு எடுக்க வந்தாங்க. நான் பந்தல் வாசல்ல கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னேன். ராமானுஜம் சார் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு குலையா விரல் நீட்டி எண்ணினார், பதினேழு வந்ததும் மறுபடி முதல்லேர்ந்து எண்ணினார், மறுபடியும் பதினேழு. அப்புறம் அந்தப் பசங்களைப் பாத்து, "தண்ணி டேங்க் பக்கம் வெச்சுக்கலாம். வெயில் கொஞ்சம் குறைஞ்சா என்ன, கரன்ட்டை யார் கடிச்சுத் திங்கறா?" என்றார். சொன்ன சொல் தவறாத மனிதர்! இப்ப அவரே சபா நண்பர்களைக் கூட்டிக்கிட்டு வந்து காட்டுறார், "எங்க கரீமுல்லா சாரோட தோட்டம்"ன்னு. சக்திவேல் தெருவுல போறவன் வர்றவன் கிட்டல்லாம், "பாய் கை வெச்சா காஞ்ச கட்டையும் பூக்குது நைனா"ங்கிறான். நான் வேணாம் வேணாம்னாலும் ஜனங்க இலையும் கையுமா வர ஆரம்பிச்சுட்டாங்க. காலையில பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் பந்தலுக்கு அடியில அதே நாற்காலி போட்டு உக்காந்து பாக்கிறேன். மல்லி, கறிவேப்பிலை, தக்காளி, ஒருத்தர் பூஜைத் துளசியையே தொட்டியோட தூக்கிக்கிட்டு வந்துட்டார். நாக்கை நீட்டச் சொல்லாதது ஒண்ணுதான் குறை. மச்சான், எட்டு வருஷத்துக்கப்புறம் என்னை மறுபடி ஒருத்தர் "கம்பவுண்டர் சார்"ன்னு கூப்பிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் நூறு வேட்டி வாங்கிக் குடுப்பேன்.

ஆகவே, மதிப்பிற்குரிய மச்சான் அவர்களே, இப்போது சொல்லுங்கள். என்னால் ஆகாது என்றீர்களே, ஆனதா இல்லையா? வெட்டிப் போடச் சொன்னீர்களே, வெட்டியிருந்தால் இந்தப் பதினேழு குலை வந்திருக்குமா? முப்பத்தோரு வருடம் ஜீப்பில் போய்த் தோட்டம் பார்த்தவர் நீங்கள், மறுக்கவில்லை. ஆனால் மருந்து என்பது கலக்குகிற கையில் இருக்கிறது. இதில் தங்களுக்கு மனத்தாங்கல் வேண்டாம். தாங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று நான் எங்கேயும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. அக்கம்பக்கத்தில் நாலைந்து பேரிடமும், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றவர்களிடமும் மட்டும்தான் சொன்னேன்.

அல்லாஹ் தங்களுக்கும் குல்ஷன் அக்காவுக்கும் நீண்ட ஆயுளையும், ஏறி இறங்க நல்ல முட்டியையும், பிறர் திறமையை ஒப்புக்கொள்கிற பெரிய மனதையும் தருவானாக என்று துஆ செய்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தங்கையின் கணவனும், தாவர வைத்தியத்தில் தங்களுக்குப் பின் வந்தாலும் முந்திக்கொண்டவனுமாகிய
கரீமுல்லா.

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் தங்கை, என்ன எழுதியிருக்கிறீர்கள், கொஞ்சம் படித்துக் காட்டுங்கள் என்றாள். உட்காரவைத்து முழுவதும் படித்தேன். வேட்டி வரும்போது சிரித்தாள், சரி. கத்தி வரும்போது சிரித்தாள், சரி. தாங்கள் தோற்ற இடம் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், நிறுத்தவே இல்லை. என்னடி என்று அதட்டினேன். அப்புறம்தான் சொன்னாள்.

நான் முட்டி வலி என்று படுத்திருந்தபோது உங்களுக்குப் போன் போட்டு அழுதாளாமே. நீங்கள் வீடியோவில் கொடியைப் பார்த்துவிட்டு, "கொடி சாகலை, இலைதான் கருகிருக்கு. திராட்சைன்னா கவாத்து பண்ணி வெட்டிவிட்டாத்தான் காய்க்கும், அவரு மூணு வருஷமா ஒரு குச்சியக்கூட வெட்ட விட மாட்டேன்னாரு. இப்ப வெட்டு" என்றீர்களாமே. சக்திவேல் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, ராமானுஜம் சார் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, நீங்கள் கிருஷ்ணகிரியிலிருந்து ஒவ்வொரு கணுவாகச் சொல்லச் சொல்ல, இவள் ஒரு மணி நேரம் நின்று வெட்டினாளாமே. வெட்டின வாயிலெல்லாம் தடவ நல்ல சுண்ணாம்பு வாங்கி இவளே கலந்தாளாம். கத்தியை முக்கினால் சிவக்கக் கூடாதாமே, மச்சான். சிவந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை, இலையைச் சுட்டுவிடும் என்று அர்த்தமாமே. அதைத்தான் அன்றைக்குப் போனில் சொல்ல வந்தீர்களா?

ஆக, தெருவில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. ஏன்டி எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலைன்னு கத்தினேன். "அண்ணன்தான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. கிளினிக் போனதிலேர்ந்து அந்த மனுஷன் மொகத்துல சிரிப்பைப் பாக்கலை, அவரு மருந்துல பொழைச்சதாவே இருக்கட்டும்னாங்க" என்றாள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் கையில் எடுத்தேன். மனசு வரவில்லை, மச்சான். இவ்வளவு நன்றாக நான் எதையும் எழுதினதில்லை. அதனால் அப்படியே அனுப்புகிறேன். கிடைத்ததும் எனக்கு ஒரு போன் போட்டு, ஒன்றுமே தெரியாதவர் மாதிரி, "மாஷா அல்லாஹ், மாப்ளே, மருந்து நல்லா கலந்திருக்கீங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பின்குறிப்பை நீங்கள் படிக்கவே இல்லை என்று நானும் வைத்துக்கொள்கிறேன்.